பெக்கோக் ஓடைகளில் செடி தேடும் பிள்ளைகளுக்கு

பெக்கோக், லாபிஸ், பாலோ பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கடையில் வாங்கும் தொட்டிச் செடிகளை விட்டுவிட்டு, நம் ஓடைகளில் வளரும் செடிகளைத் தேட ஆரம்பித்திருக்கிறார்கள். இதில் எனக்குப் பெரிய சந்தோஷம். கவலையும் உண்டு. செடியைப் பிடுங்கிவந்து தொட்டியில் நட்ட பிறகு, "ஐயா, இது என்ன செடி?" என்று படம் அனுப்புகிறார்கள். பதில் சொல்ல வேண்டிய விவரத்தில் பாதிக்கு மேல் அதற்குள் ஓடையிலேயே தங்கிவிட்டது. தண்ணீரின் நிறம், அடியில் இருந்தது மணலா சேறா, பக்கத்தில் என்ன வளர்ந்தது, பூ இருந்ததா, எதற்கும் விடை இல்லை. அதனால் செடியில் கை வைப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்.

பெக்கோக் சின்ன ஊர்தான். ஆனால் இதைச் சுற்றி இரண்டு கடல்களுக்குப் போகும் தண்ணீர் ஓடுகிறது. பெக்கோக் ஆறு மேற்கே திரும்பி, பத்து பகாட் ஆற்றோடு சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. ஓராங் அஸ்லி கம்பங்களைத் தாண்டி உள்ளே இருக்கும் செலாய் ஆறு எண்டாவ் ஆற்றில் விழுந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளரும் செடிகள் பார்க்க ஒன்றாக இருந்தாலும், நெடுங்காலம் ஒன்றோடொன்று கலக்காமல் வளர்ந்தவையாக இருக்கலாம். இரண்டையும் ஒரே தொட்டியில் நட்டு, எது எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டால் பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே நோட்டுப் புத்தகத்தில் முதல் வரி ஓடையின் பெயர். அடுத்தது தேதி. பிறகு ஆழம், நிழலா வெயிலா, தண்ணீர் தேத்தண்ணீர் நிறமா தெளிவா, அடியில் மணலா, சேறா, இலைச் சருகா. கைப்பேசியே இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் காட்டுகிறது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிஎச் பார்க்கும் தாள் மலிவுதான். காட்டு ஓடையில் அது 6க்குக் கீழே நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

2. அனுமதி இல்லாத இடத்தில் கேமரா மட்டும்.

எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குச் செலாய் வழியாக நுழையும் வாசல் நம் ஊர்ப் பக்கம்தான் இருக்கிறது. பூங்காவுக்குள் ஓர் இலையைக்கூட எடுக்கக் கூடாது. 1989ஆம் ஆண்டின் ஜொகூர் தேசியப் பூங்காக் கழகச் சட்டம் அதைக் காக்கிறது. பூங்காவுக்கு வெளியே இருக்கிற நிரந்தரக் காப்புக் காடுகளுக்கு 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் உண்டு. வனத்துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கிருந்தும் எதையும் வெளியே கொண்டுவர முடியாது. குளிக்கப் போகிற சுங்கை பந்தாங் அருவிப் பக்கத்திலும் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

ஜக்கூன் மக்களின் கம்பத்தை ஒட்டிய ஓடை என்றால், முதலில் அங்கே பாத்தினை, அதாவது ஊர்த்தலைவரைப் பார்த்து வணக்கம் சொல்லி, வந்த காரியத்தைச் சொல்லுங்கள். அது அவர்கள் குடிக்கும், குளிக்கும் தண்ணீர். எந்தச் செடி எந்த மாதத்தில் தண்ணீருக்கு மேலே தலை காட்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்வதைக் கடனாக நினைத்து, நீங்கள் எழுதுகிற குறிப்பில் அந்தக் கம்பத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

3. காட்டுக்குப் போகும் முன் தோட்டத்துக் கால்வாயில் பழகுங்கள்.

செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்களில் கண்ணைப் பழக்கிக்கொண்ட பிறகு காட்டு ஓடைக்குப் போனால் போதும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அங்கே கிடைப்பவை அரிய செடிகள் இல்லை. அதனாலேயே அவை நல்ல பாடம்.

வேலம்பாசியை எடுங்கள், கடைக்காரர் ஹைட்ரில்லா என்பார். தண்டைச் சுற்றி வட்டம் வட்டமாக இலை, ஒரு வட்டத்தில் 3 முதல் 8 வரை. இலையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரிகிற பல் இருக்கும். நடுநரம்பின் அடிப்பக்கத்திலும் சிறு முட்கள் இருப்பதால், விரலால் உருவினால் சொரசொரக்கும். கடையில் விற்கிற எஜேரியா பார்வைக்கு இதன் அண்ணன் மாதிரிதான். உருவிப் பார்த்தால் வழவழப்பாக இருக்கும்.

அடுத்து, மெல்லிய நூல் நூலாக இலை பிரிந்த செடிகள். தொடக்கத்தில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். வேரே இல்லாமல் மிதந்து, இலை இரண்டிரண்டாகக் கவைத்து, தொட்டால் கொஞ்சம் மொரமொரப்பாக இருந்தால் செரடோபில்லம். இலைக் கூட்டத்துக்கு நடுவே கடுகைவிடச் சிறிய பைகள் தொங்கினால் அது உட்ரிகுலேரியா, பூச்சி தின்னும் செடி. அந்தப் பைகள்தான் நீர்ப்பூச்சிகளை உறிஞ்சிப் பிடிக்கின்றன. விசிறி போன்ற இலைக்குத் தெளிவான காம்பு இருந்தால் கபோம்பா. காம்பே இல்லாமல் இலைகள் தண்டிலிருந்து நேராகக் கிளம்பி, கசக்கினால் வாசனை வந்தால் லிம்னோபிலாவாக இருக்க வாய்ப்பு அதிகம். கண், விரல், மூக்கு மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இந்த நான்கையும் ஒரே காலையில் பிரித்துவிடலாம். ஒரு பத்து வெள்ளி உருப்பெருக்கிக் கண்ணாடி எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

கருங்குவளை, கங்கோங், கியம்பாங் எல்லாம் நீங்களே அறிந்தவை. அவற்றை விரைவாகக் குறித்துக்கொண்டு மேலே போங்கள்.

4. தண்ணீருக்குள் ஓர் இலை, காற்றில் வேறோர் இலை.

ஒரே செடி நீரில் மூழ்கியிருக்கும்போது ஒரு வடிவத்திலும், நீர் வற்றி வெளியே நிற்கும்போது இன்னொரு வடிவத்திலும் இலை விடும். லிம்னோபிலா நீருக்குள் நூலிலை. மேலே வந்ததும் பல் வைத்த சாதாரண இலை. நீர்ப்பெரணியான செரடோப்டெரிஸ் மிதக்கும்போது அகன்ற இலையும், வித்துத்தூள் தாங்கும்போது மான்கொம்பு போல் ஒடுங்கிப் பிளந்த இலையும் விடும். இது தெரியாதவர்கள் ஒரு செடியை இரண்டு பெயரில் எழுதிவிடுகிறார்கள். கரையில் நிற்கிற செடியைப் பார்த்தால் அதன் தண்டைத் தண்ணீருக்குள் வரை கண்ணால் பின்தொடர்ந்து போங்கள். இரண்டு வகை இலையும் ஒரே தண்டில் கிடைத்தால் அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு படம் பத்துப் படங்களைவிட உதவும்.

5. சேம்பு மாதிரி இருப்பதெல்லாம் நீருக்குள் வாழாது.

காட்டு ஓடையில் எல்லோர் கண்ணையும் இழுப்பது கிரிப்டோகோரைன். ஆனால் அதே கரையில் ஹோமலோமினா, ஸ்கிஸ்மடோகுளாட்டிஸ் என்ற உறவுக்காரச் செடிகளும் நிற்கும். வெள்ளம் வந்தால் சில நாள் மூழ்கித் தாங்கும். தொட்டியில் வைத்தால் அழுகித் தண்ணீரையும் கெடுக்கும். ஹோமலோமினாவின் இலையைக் கசக்கினால் பெரும்பாலும் சோம்பு வாசனை வரும். கிரிப்டோகோரைனுக்கு அந்த வாசனை இல்லை. மண்ணுக்கடியில் மெல்லிய ஓடுகொடி விட்டு, கொஞ்ச தூரத்தில் குட்டிச் செடி முளைத்திருந்தால் அது கிரிப்டோகோரைனாக இருக்கலாம்.

புது இலை விரிவதற்கு முன் எப்படிச் சுருண்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். கிரிப்டோகோரைனின் குருத்து ஓர் ஓரத்தின் மேல் மறு ஓரம் சுற்றிக்கொண்டு உருளையாக நிற்கும். இலங்கையிலும் இந்தியாவிலும் வளர்கிற லகெனாண்ட்ராவின் குருத்தில் இரண்டு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டு நடுவில் சந்திக்கும். நம் ஓடையில் லகெனாண்ட்ரா இல்லை; ஆனால் கடையில் வரும், நண்பர் தொட்டியிலிருந்தும் வரும். அதோடு, கடையில் "கிரிப்ட்" என்று மலிவாகக் கிடைக்கிற வெண்ட்டி, பெக்கெட்டி, வாக்கெரி மூன்றும் இலங்கைச் செடிகள். அவற்றை வளர்த்த பழக்கத்தை வைத்து ஜொகூர்ச் செடியை எடைபோட முடியாது.

6. பூவைப் பார்க்காமல் கிரிப்டோகோரைனுக்குப் பெயர் வைக்காதீர்கள்.

இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரே ஓடையில், வெயில் படுகிற இடத்தில் இலை பழுப்பாகவும் நிழலில் பச்சையாகவும் இருக்கும். சேற்றில் அகலமாகவும் மணலில் ஒடுங்கியும் வளரும். கார்டேட்டா, நூரி, ஷுல்ட்சி, கிரிஃபித்தி என்று ஜொகூரில் சொல்லப்படுகிற இனங்கள் இலையளவில் ஒன்றின் எல்லைக்குள் ஒன்று புகுந்துகொள்கின்றன. இலையில் கருஞ்சிவப்புப் புள்ளி இருக்கிறது, அதனால் நூரிதான் என்று அடித்துச் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

பூவின் அமைப்பு இது. அடியில், மண்ணோடு மண்ணாக ஒரு சின்ன அறை. ஆண் பூக்களும் பெண் பூக்களும் அதற்குள். அதற்கு மேலே குழாய். குழாயின் வாயில் விரிகிற மடல். சிறு பூச்சிகள் குழாய் வழியாக அறைக்குள் இறங்கி, கொஞ்ச நேரம் சிக்கியிருந்து, மகரந்தத்தோடு வெளியேறும். நாம் பார்க்க வேண்டியது மடலைத்தான். அது மஞ்சளா சிவப்பா கருஞ்சிவப்பா, வழவழப்பா கரடுமுரடா, குழாயின் வாயைச் சுற்றி வேறு நிறத்தில் கழுத்துப்பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கார்டேட்டாவின் மடல் மஞ்சள், வழவழப்பு. நூரியின் மடல் கருஞ்சிவப்பு. அதன் மேல் பருப்பருவாகப் புடைப்புகள். கிரிஃபித்தியின் மடலும் சிவப்பு வகைதான், அதுவும் சொரசொரப்பு. முன்னாலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், அடியறையோடு சேர்த்து ஒரு படம் எடுங்கள்.

பெரிய படிப்புப் படித்தவர்களையே இந்தச் செடிகள் தடுமாற வைத்திருக்கின்றன. 1893இல் என். ஈ. பிரவுன் அஃபினிஸ் என்று பெயரிட்ட தீபகற்பச் செடி, ஐரோப்பியத் தொட்டிகளில் பல காலம் ஹேர்டேலியானா என்ற வேறு பெயரில் வளர்ந்தது. பர்புரியா என்று தனி இனமாக எண்ணப்பட்டது, கார்டேட்டாவும் கிரிஃபித்தியும் இயற்கையில் கலந்து பிறந்தது என்று பிற்பாடு தெரிந்தது. 1994இல் மலேசியாவின் முதல் ராம்சார் ஈரநிலத் தலமான தாசேக் பெராவில் இந்தக் கலப்பு வளர்கிறது. இரண்டு இனங்கள் ஒரே ஓடையில் இருந்தால் மூன்றாவதாக ஒரு கலப்பும் இருக்கலாம் என்பதை மனத்தில் வையுங்கள்.

பெயர்களுக்குப் பின்னால் இருக்கிறவர்களையும் கொஞ்சம் அறிந்துகொள்ளுங்கள். கிரிஃபித்தி என்ற பெயர் வில்லியம் கிரிஃபித்தை நினைத்து வைத்தது. 1832இல் மதராஸில் வந்திறங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் அவர். 1845இல் மலாக்காவில் இறந்தார். மினிமா என்ற இன்னோர் இனத்துக்கும் பர்புரியாவுக்கும் பெயரிட்டவர் ஹென்றி ரிட்லி. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்று, பால்மரத்தை நடுங்கள் நடுங்கள் என்று தோட்டக்காரர்களை விடாமல் நச்சரித்தவர் அவர்தான். நம் தாத்தா பாட்டிமார் மரம் வெட்ட இந்த மண்ணுக்கு வந்த கதையில் அவருக்குப் பங்கு உண்டு. காட்டை அழித்துப் பால்மரம் நடச் சொன்ன அதே மனிதர் காட்டு ஓடையில் குனிந்து இந்தச் சின்னப் பூக்களையும் எழுதி வைத்தார் என்பது என்னை எப்போதும் யோசிக்க வைக்கும். நூரி என்ற பெயர், அதே பூங்காவுக்குச் செடி சேகரித்த முகமது நூர் என்ற மலாய்க்காரருடையது. கோவாவிலிருந்து வந்த ஃபுர்டாடோ 1935இல் அந்தப் பெயரை வைத்தார். ஓடையில் இறங்கிச் சேறு மிதித்தவரின் பெயர் செடிக்கு நின்றது நியாயமான காரியம்.

தமிழ்நாட்டிலும் இந்தக் குடும்பத்துக்கு ஆள் உண்டு. அங்கே வயலோரத்தில் வளர்கிற கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸின் கிழங்கு, நாட்டு அதிவிடயம் என்று மருந்துக் கடையில் விற்கும். இந்தக் குலத்தில் முதன்முதலாக, 1779இல், விஞ்ஞானப் பெயர் பெற்ற செடியும் அதுதான்.

7. வட்ட இலை, அடியில் மயிர், சிவப்பு நிறம் என்றால் நிதானியுங்கள்.

கறுப்புத் தண்ணீர் ஓடைகளில் தரையோடு படர்ந்த வட்ட இலைச் செடி ஒன்று கண்ணில் படலாம். இலையின் அடிப்புறம் செந்நிறம், மெல்லிய மயிர், காம்பிலும் மயிர். அது பார்க்லயா மோட்லியியாக இருக்கலாம். கிரிப்டோகோரைனோடு சேர்ந்து நின்றாலும் இது அல்லிக் குடும்பம். நிழல் போய் வெயில் விழுந்தால், தண்ணீர் சூடானால், சேறு படிந்தால் இது தாங்காது. தொடக்கத்தில் இருப்பவர் கையில் இது பெரும்பாலும் சாகும். பார்த்த இடத்தைக் குறித்துக்கொண்டு, படமெடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

8. பாறையைப் பிடித்திருப்பதைப் பிய்க்காதீர்கள்.

அருவிப் பாறையில் ஒட்டி வளர்கிற ஜாவா பெரணி எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. இலையின் அடியில் வரிசையாகக் கரும்புள்ளிகளாக வித்துத்தூள் கூடுகள் இருக்கும். நோயென்று நினைத்து வெட்டி எறிகிறார்கள், வேண்டாம்.

9. மேலே மழை பெய்தால் உடனே கரையேறுங்கள்.

நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே மலையில் பெய்த மழை ஒரே அலையாக இறங்கும். மலாய்க்காரர்கள் இதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தால், செடி, கேமரா எதையும் பார்க்காமல் மேலே ஏறுங்கள். 2006 டிசம்பர் கடைசியிலும் அடுத்த ஜனவரியிலும் சிகாமட் பக்கம் வெள்ளத்தில் என்ன ஆனது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். காலில் புண் இருந்தால் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் வரும் அபாயம் உண்டு. அன்றைக்கு இறங்க வேண்டாம். அட்டைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. தனியாக மட்டும் போகாதீர்கள்.

10. தாயை விட்டுவிட்டு ஒரு குட்டியை எடுங்கள்.

எடுக்க அனுமதி உள்ள இடத்தில், செடி கூட்டமாக இருந்தால் மட்டும், ஓடுகொடியில் இருக்கிற ஒரு குட்டி போதும். கையால் சேற்றைத் தளர்த்தி, கொடியை நகத்தால் நறுக்கி எடுங்கள். நாலைந்து செடிகள் மட்டுமே இருக்கிற இடத்தில் எதையும் தொடக் கூடாது. ஈரமான செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் காற்றடைத்துக் கட்டுங்கள். பை நிறையத் தண்ணீர் ஊற்றினால் குலுங்கி இலை நைந்துபோகும். வெயிலில் நிற்கிற காருக்குள் வைத்துவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போகாதீர்கள். ஓடையின் பெயரைப் பையின் மேலேயே அப்போதே எழுதுங்கள்.

11. வீட்டில் முதல் இடம் தொட்டி இல்லை, வாளி.

தும்பி முட்டையும் நத்தை முட்டையும் அட்டையும் செடியோடு வரும். தும்பியின் குஞ்சு மீன்குஞ்சைப் பிடித்துத் தின்னும். அதனால் சில வாரம் தனி வாளியில், நிழலில் வையுங்கள். குளோரின் போகாத குழாய்த் தண்ணீர் வேண்டாம். காய்ந்த கெத்தாப்பாங் இலை ஒன்றிரண்டு போட்டால் தண்ணீர் ஓடை நிறத்துக்கு வரும்.

முதல் வாரங்களில் கிரிப்டோகோரைனின் இலையெல்லாம் கரைந்து கூழாகப் போய்விடலாம். இடம் மாறினால் அது அப்படித்தான் செய்யும். கூழானதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுக் கிழங்கைத் தொடாமல் விடுங்கள். வேர் வெள்ளையாக உறுதியாக இருந்தால் மறுபடி துளிர்க்கும். பதறிப்போய்ப் பிடுங்கி இடம் மாற்றி மாற்றி நடுகிறவர்களிடம்தான் செடி சாகிறது.

பூ வேண்டுமென்றால் ஒரு குட்டியைத் தண்ணீருக்கு வெளியே வளர்க்க வேண்டும். சின்னச் சட்டியில் மட்கிய இலைமண், அடியில் விரலளவு தண்ணீர், மேலே மூடி போட்ட கண்ணாடிப் பெட்டி, மங்கிய வெளிச்சம். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பூ சில நாளில் வாடிவிடும் என்பதால் மொட்டைக் கண்ட நாளிலிருந்து தினமும் பாருங்கள்.

12. தொட்டிச் செடி ஓடைக்குப் போகக் கூடாது.

பகாங்கின் தாசேக் சினியில் தென்னமெரிக்கக் கபோம்பா புகுந்து ஏரியின் அடியை எப்படி மூடிக்கொண்டது என்பது இந்த நாட்டில் செடி வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மிஞ்சியதை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். கால்வாயில் கொட்டினால் அது அடுத்த மழையில் ஆற்றில் இருக்கும். செலாயில் எடுத்த செடி வீட்டில் பெருகிவிட்டது என்பதற்காக அதைப் பெக்கோக் ஆற்றில் நட்டுவிடுவதும் இதே தவறுதான். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் தவறுதான்.

13. தெரிந்த அளவுக்கு மட்டும் பெயர் எழுதுங்கள்.

குடும்பம் மட்டும் தெரிந்தால் குடும்பத்தை எழுதுங்கள். கிரிப்டோகோரைன் என்று தெரிந்து இனம் தெரியாவிட்டால், "கிரிப்டோகோரைன், சுங்கை இன்னது, பூ பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். அது நேர்மையான, முழுமையான பெயர்ச்சீட்டு. யூகத்தில் எழுதிய கார்டேட்டா என்ற பெயர் குட்டியோடு குட்டியாக நண்பர்கள் வீட்டுக்கெல்லாம் போய்விடும்; திரும்ப அழைக்க முடியாது. நம் ஓடைகளைச் சுற்றிச் செம்பனை ஏறிக்கொண்டே வருகிறது. நிழல் மரத்தை வெட்டினால் இந்தச் செடி அடுத்த சில வருடங்களில் அங்கே இருக்காது. நீங்கள் சரியாக எழுதி வைத்த ஒரு சீட்டு, அந்த ஓடையில் அது இருந்ததற்கு ஒரே சாட்சியாக ஆகலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க, அகமது சொஃபிமான் ஒத்மான், நீல்ஸ் யாகோப்சன், மஷோர் மன்சோர் மூவரும் எழுதி மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009இல் வெளியிட்ட தீபகற்ப மலேசியக் கிரிப்டோகோரைன் நூல் இருக்கிறது. நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். அதைப் பார்த்தும் தீராத சந்தேகத்தை, பூவின் படங்களோடும் இடக்குறிப்போடும் கெப்போங்கில் இருக்கிற வன ஆய்வுக் கழகத்தின் உலர்தாவரச் சாலைக்கு எழுதிக் கேளுங்கள்.

வீட்டில் பூத்த பூவை 70 சதவீத ஆல்கஹாலில் சின்னப் புட்டியில் போட்டு வைத்தால் அதன் வடிவம் குலையாது. நிறம் போய்விடும் என்பதால் படத்தை முன்பே எடுத்துவிடுங்கள். ஓடை, தேதி, உங்கள் பெயர் மூன்றையும் தடித்த தாளில் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.